வலி மாத்திரையும் சாப்பாடும்: கேள்வி பதில்

கேள்வி: பாராசிட்டமாலை வெறும் வயிற்றில் போடலாமா?

போடலாம். சீக்கிரம் கேட்பதும் அப்போதுதான். இந்த மருந்து சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ரத்தத்தில் ஏறும். வயிறு நிறையக் கொழுப்பான சாப்பாடு இருந்தால் மாத்திரையும் அதோடு இரைப்பையில் தங்கிவிடும். இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று அறிய, பாராசிட்டமால் கொடுத்து, குறித்த இடைவெளிகளில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனையே இருக்கிறது. ஆனால் உடம்பில் சேரும் மொத்த அளவு பெரிதாகக் குறைவதில்லை, தாமதம் மட்டும்தான். அதனால் வலி கேட்கவில்லை என்று அவசரப்பட்டு இன்னொன்று போடாதீர்கள்.

கேள்வி: ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரையே வேலை செய்வதில்லை.

அந்த வலி வரும்போது பலருக்கு இரைப்பையின் வேகமே குறைந்துவிடும். வலி ஆரம்பிக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. வாந்தியும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி மருந்து உண்டு.

கேள்வி: இபுபுரூஃபனைச் சாப்பிட்டபின் போட்டால் வயிறு புண்ணாகாதுதானே?

அப்படி நம்பிவிடாதீர்கள். உடம்பிலேயே உண்டாகி வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது. இபுபுரூஃபன் ரத்தத்தில் கலந்து இரண்டு இடத்திலும் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. இதுவும் சேர்ந்த ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி (அதே நண்பர்): டாக்டர் சாப்பிட்டபின் போடச் சொன்னாரே! அவர் சொன்னது தப்பா?

தப்பில்லை, அப்படியே போடுங்கள். குமட்டலும் எரிச்சலும் சிலருக்குக் குறையும். நான் சொல்வது புண்ணைப் பற்றி. இதே வகை மருந்தை ஊசியாகப் போட்டாலும் புண் வருகிறது. அங்கே மாத்திரை இரைப்பையைத் தொடுவதே இல்லையே? முன்பு புண் வந்தவர்களும் வயதானவர்களும் சாப்பாட்டை நம்பி வாரக்கணக்கில் விழுங்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பாலோடு போட்டால் புண் வராதா?

மேலே சொன்னதேதான். பாலுக்கும் அதே பதில்.

கேள்வி: டைக்ளோஃபெனாக்கைப் பொடித்துச் சோற்றில் கலக்கலாமா?

கூடாது. குடலில் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரையைப் பொடித்தால் பூச்சு போட்டதே வீண். முழுதாக விழுங்குங்கள். சாப்பிட்டபின் போட்டால் வேலை செய்யச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் இன்னொன்று வேண்டாம்.

கேள்வி: பாராசிட்டமால் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, காய்ச்சலும் இருக்கிறது. பாராசிட்டமால் அதே அளவா?

நல்ல கேள்வி. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சாக மாறும். அதை முறிப்பது உடம்பில் உள்ள குளுடாதயோன் என்ற பொருள். பட்டினியில் அதன் இருப்பு குறையும், தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் அப்படியே. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராம் என்ற உச்சவரம்பு உங்களுக்குப் பொருந்தாது. அளவை டாக்டரிடம் கேளுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு எத்தனை மில்லி?

எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.