ஜிபிஎஸ் பாசிடிவ்: ஃபைலில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

கேள்வி: முதல் பிரசவம், 37-வது வாரம். செக்-அப் எல்லாம் பெரம்பூரில். 36-வது வாரம் எடுத்த ஸ்வாப் கல்ச்சரில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே' வளர்ந்திருக்கிறது. வளைகாப்பு முடிந்து எர்ணாவூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரசவம் தண்டையார்பேட்டையில் வேறு ஆஸ்பத்திரியில். அங்கே இன்சூரன்ஸ் படிவத்தில் 'கர்ப்பகாலத் தொற்று' என்று எழுதியிருக்கிறார்கள். நான் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறேன். அமெரிக்க சார்ட்டுகளுக்கு ஓ99.820 (கர்ப்பத்தில் இந்தக் கிருமியைச் சுமப்பவருக்கான கோடு) போட்டுப் பழகியவள். ஆனாலும் என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பயமாக இருக்கிறது. இப்போதே மாத்திரை வேண்டாமா? ஃபைலில் எப்படி எழுதியிருக்க வேண்டும்?
- வாசகி, எர்ணாவூர்

பதில்: மாத்திரை வேண்டாம். இந்தக் கிருமியின் இன்னொரு பெயர்தான் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சுருக்கமாக ஜிபிஎஸ். குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா தங்கியிருப்பது. உலக அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இருக்கிறது. இப்போது மாத்திரை போட்டு விரட்டினாலும் வலி எடுக்கும் நாளுக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தைக்கு ஒட்டுவது பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான். அதனால் மருந்தும் அப்போதுதான், நரம்பு வழியாக.

'தொற்று' என்று எழுதியது தவறு. தொற்று என்றால் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், கருப்பையில் சீழ் என்று ஏதாவது இருக்க வேண்டும். நீங்கள் கிருமியைச் சுமப்பவர், அவ்வளவுதான். உங்கள் தொழிலிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறதே: கர்ப்பத்தில் ஓ99.820, பிரசவ அட்மிஷனில் ஓ99.824, பிரசவத்துக்குப் பின் ஓ99.825. கர்ப்பிணி அல்லாதவருக்குத்தான் இசட்22.330. இதே கிருமி சிறுநீர்த் தொற்றாக வந்திருந்தால் கதை வேறு; கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஓ23.43, கிருமிக்கு பி95.1. ஆனால் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் போய் ஓ99.820 போடுங்கள் என்று வாதாடாதீர்கள். அது அமெரிக்கப் பதிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோடு பட்டியலான ஐசிடி-10-ல் சுமப்பவருக்கு இசட்22.3 வரைதான் உண்டு. கோடை விட வார்த்தைதான் இங்கே முக்கியம். 'தொற்று' என்று இருந்தால் எங்கே தொற்று, என்ன சிகிச்சை என்று கேள்வி வரும், அனுமதி தாமதமாகும். வொய்ட்னர் பூசித் திருத்த விடாதீர்கள். பழைய வரியைப் படிக்கிற மாதிரி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், டாக்டர் கையெழுத்து.

படிவத்தை விடவும் எனக்குக் கவலை உங்கள் கேஸ் ஷீட்டைப் பற்றித்தான். தாய்வீட்டுப் பிரசவத்தில் வழக்கமாக நடப்பது இது: ரிப்போர்ட் பெரம்பூர் ஃபைலில் தூங்கும், நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்டையார்பேட்டை லேபர் வார்டில் இருப்பீர்கள். 'ஜிபிஎஸ் +' என்று மூலையில் கிறுக்கியிருந்தாலும் போதாது. 2025 தொடக்கத்தில் புனேயில் குய்லான் பாரே சிண்ட்ரோம் பரவியபோது ஜிபிஎஸ் என்றால் ஊருக்கே அந்த நரம்பு நோய்தான். 'குரூப் பி பாசிடிவ்' என்று எழுதினாலோ, வீட்டில் ரத்த குரூப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழுதாக எழுதச் சொல்லுங்கள்: 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சுமப்பவர், யோனி-மலக்குடல் ஸ்வாப், 36-வது வாரம், இந்தத் தேதி, பென்சிலின் அலர்ஜி இல்லை, வலி தொடங்கியதும் ஆன்டிபயாடிக்.' தாய் சேய் நல அட்டையிலும் இதே வரி.

ஸ்வாப் எடுத்த இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மேலே மட்டும் எடுத்த ஸ்வாபில் இந்தக் கிருமி தவறிப்போகும். யோனியின் கீழ்ப்பகுதியும் மலக்குடலும் சேர்த்து எடுக்க வேண்டும். உங்களுக்குப் பாசிடிவ் வந்துவிட்டதால் திரும்ப எடுக்கத் தேவையில்லை. 'நார்மல் ஃப்ளோரா' (வழக்கமாக இருக்கும் கிருமிகள் மட்டும்) என்று வந்த ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாக இருப்பவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும். கல்ச்சர் முடிவு ஐந்து வாரத்துக்குச் செல்லுபடியாகும், 41-வது வாரம் வரை உங்களுக்குப் போதும்.

பென்சிலின் அலர்ஜி என்ற வார்த்தையையும் சும்மா எழுத விடாதீர்கள். முன்பு மாத்திரை போட்டு வாந்தி வந்தது அலர்ஜி இல்லை. போட்ட சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் அது அலர்ஜி. அப்படி இருந்தால் மாற்று மருந்தான கிளிண்டாமைசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்று லேப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வான்கோமைசின்தான் மிஞ்சும்.

அலர்ஜி இல்லாதவருக்குப் பென்சிலின் ஜி முதலில் 50 லட்சம் யூனிட், பிறகு நான்கு மணிக்கொரு முறை 25 முதல் 30 லட்சம், குழந்தை பிறக்கும்வரை. ஆம்பிசிலின் என்றால் 2 கிராம், பிறகு நான்கு மணிக்கொரு முறை 1 கிராம். முதல் டோஸுக்கும் பிரசவத்துக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருப்பது நல்லது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள், லேபர் வார்டு வாசலிலேயே முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். வலி வருவதற்கு முன், பனிக்குடம் உடையாமல், திட்டமிட்ட சிசேரியன் என்றால் இதற்கென்று தனி டோஸ் வேண்டாம். அறுவைக்கான வழக்கமான ஆன்டிபயாடிக் எப்படியும் போடுவார்கள்.

பிறந்த பிறகு ஒரு வரி அநேகமாக விட்டுப்போகும்: முதல் டோஸ் எத்தனை மணிக்கு, குழந்தை பிறந்தது எத்தனை மணிக்கு. குழந்தை மருத்துவர் கேட்பதே அந்த இரண்டு நேரத்தைத்தான். 'ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அவருக்குப் பயனில்லை. இடைவெளி குறைவாக இருந்தால் குழந்தை நன்றாக இருந்தாலும் 36 முதல் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். ஊசியே போடாவிட்டால் இப்படிப்பட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுக்கு முதல் வாரத்திலேயே நோய் வரும். போட்டால் வெகுவாகக் குறைகிறது. முதல் வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதம் வரை, வருகிற வகையை இந்த ஊசி தடுக்காது. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, முனகிக்கொண்டு வேகமாக மூச்சு விட்டாலோ, உடம்பு சுட்டாலோ, சில்லிட்டாலோ, அம்மா கைவைத்தியம் செய்து பார்க்கலாம் என்று சொன்னாலும் நேராகக் குழந்தைகள் வார்டுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.