முதல் வண்டி யாருடையது என்பது முக்கியம்

கேள்வி: எனக்கு வயது 23, ஊர் ராசிபுரம் பக்கம். ஹெவி லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று இடங்களில் கூப்பிடுகிறார்கள். ஒன்று, தெரிந்தவர் ஒருவரின் 12 சக்கர லாரி: வடநாட்டு லைன், வாடகையில் பங்கு, சேரும்போதே 40,000 ரூபாய் அட்வான்ஸ். இரண்டு, நாமக்கல்லில் கேஸ் டேங்கர். மூன்று, சேலம்–பெங்களூரு பார்சல் வண்டி: மாதச் சம்பளம், ஆனால் கையில் வருவது குறைவு. எதில் சேரலாம்?

பதில்: பார்சல் வண்டியில் சேருங்கள் தம்பி. வருமானம் குறையும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பயிற்சிப் பள்ளியில் காலி வண்டியைத்தான் ஓட்டியிருப்பீர்கள். லோடு ஏறிய வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதைப் பழக ஒரே ரோட்டில் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். எந்த வளைவில் வண்டி சாய்கிறது, எந்த மேட்டில் எந்த கியர் என்பதெல்லாம் அப்போதுதான் உடம்பில் ஏறும்.

அந்த ரோட்டிலேயே தொப்பூர் கணவாய் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நடந்த விபத்துகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்குவது அங்கே பழைய பழக்கம். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால் அத்தனை எடையும் பிரேக் டிரம் மேல் விழுகிறது. லைனிங் சூடேறி வாடை வரும், பிறகு புகை வரும். அதற்கு மேல் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இன்ஜினையும் அணைத்துவிட்டால் பிரேக் பிடிக்க வேண்டிய ஏர் (காற்றழுத்தம்) ஏறாது, ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

இப்படி ஓட்டுவதற்கு டிரைவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுத்து, அது போதாவிட்டால் பேட்டாவில் (வழிச்செலவுப் படியில்) பிடிக்கும் ஓனர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குதான் அவரை நியூட்ரலுக்குத் தள்ளுகிறது. அதனால் எங்கே சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: டீசல் கூடினால் யார் தலையில்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நானும் அப்படி வாங்கித்தான் முதல் வண்டி ஏறினேன். ஒரு வருஷம் கழித்து ஓனரின் கணக்கு நோட்டைப் பார்த்தால் வெடித்த டயர், நனைந்த மூட்டை எல்லாம் என் பேரில் எழுதி, கடன் கூடியிருந்தது. தூக்கம் வருகிறது, இந்த லோடு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடன்பட்டவன் எப்படி மறுப்பான்? உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. லைசென்ஸ் ஒரிஜினலையும், எழுதாத பத்திரத்தில் கையெழுத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

லோடு எவ்வளவு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அதிக எடைக்கு 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். சட்டம் ஓட்டச் சொன்னவரை மட்டும் பிடிப்பதில்லை, ஓட்டியவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது.

டேங்கருக்கு இப்போது போக முடியாது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். அது இல்லாமலே ஏறிக்கொள் என்று யாராவது சொன்னால், அவர் உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இல்லை. இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு அந்தப் பயிற்சிக்குப் போங்கள். நல்ல தொழில் அது.

பார்சல் கம்பெனியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் லோடு ஏற்றும் நேரத்தில் ஷெட்டுக்குப் போய் நில்லுங்கள். வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகள் வந்துவிடும். இன்சூரன்ஸ் தேதி முடிந்த வண்டியில் ஏதாவது ஆனால், உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய இழப்பீட்டை ஓனர் சொந்தக் கையிலிருந்துதான் தர வேண்டும். பிறகு கேபினில் ஏறி, ஏர் முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் கேஜ் முள்ளைப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே சரசரவென்று இறங்கினால் எங்கோ லீக். கீழே குனிந்து கேட்டால் ‘உஸ்’ என்ற சத்தமே இடத்தைக் காட்டிவிடும். டயரின் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். தேய்மானம் பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அங்கே ஓட்டுகிற இரண்டு பேரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். சம்பளம் தேதிக்கு வருகிறதா, இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா, விடியற்காலை வந்து இறங்கியவரை அன்று ராத்திரிக்குள் தூங்கவிடுகிறார்களா? வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சட்டம். லாரித் தொழிலில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது அவர்கள் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

கடைசியாக மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள்: முதல் பத்து டிரிப்புக்கு என் பக்கத்தில் யார் உட்காருவார்? அனுபவசாலி ஒருவரின் பெயரைச் சொன்னால் சேர்ந்துவிடுங்கள். ‘லைசென்ஸ் இருக்குல்ல, எடுத்துட்டுப் போ’ என்றால் சாவியை வாங்காதீர்கள். சேலத்தில் பார்சல் சர்வீஸ் அது ஒன்றுதான் என்றில்லை.