மான்மத்ஷயர் இங்கிலாந்தா, வேல்ஸா?

கேள்வி: என் கணவரின் தாத்தா 1912-இல் நியூபோர்ட்டில் பிறந்தவர். அவருடைய சான்றிதழில் மான்மத்ஷயர் என்று இருக்கிறது. 1980-இல் அதே ஊரில் பிறந்த என் கணவருக்கோ குவென்ட். பழைய வரைபடம் ஒன்று மான்மத்ஷயரை இங்கிலாந்தில் சேர்த்திருக்கிறது. வம்சாவளியில் எதை எழுதுவது? முந்தைய தலைமுறைகளை எங்கே தேடுவது?

பதில்: இரண்டு சான்றிதழும் சரிதான். பிறந்த நாளில் இருந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரை அப்படியே எழுதுங்கள். நாடு என்ற இடத்தில் இருவருக்கும் வேல்ஸ் என்றே போடலாம்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1536 சட்டத்தால் உருவான கவுண்டி மான்மத்ஷயர். அடுத்து வந்த 1542-43 சட்டம் வேல்ஸின் மற்ற 12 கவுண்டிகளுக்கும் தனி உயர் நீதிமன்றங்களை அமைத்தது. மான்மத்ஷயரை மட்டும் விட்டுவிட்டது. அதன் வழக்குகள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டத்தோடு (நீதிபதிகள் சுற்றி வந்து வழக்கு விசாரித்த கவுண்டிகளின் தொகுதி) சேர்ந்தன. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்கியது. அப்புறம் சட்டங்களிலேயே 'வேல்ஸும் மான்மத்ஷயரும்' என்று எழுதும் வழக்கம் வந்தது. 1881-இல் வேல்ஸில் ஞாயிறு மதுக்கடைகளை மூடியபோதுகூட மான்மத்ஷயரில் திறந்தே இருந்தன. 1921-இல்தான் அங்கும் மூடினார்கள். 1972 உள்ளாட்சிச் சட்டம் அதை வேல்ஸ் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. 1974 ஏப்ரல் 1 முதல் குவென்ட் கவுண்டி வந்தது. 1996-இல் அதுவும் கலைந்தது. இன்றும் மான்மத்ஷயர் என்றொரு கவுண்டி உண்டு, ஆனால் அது பழைய கவுண்டியின் கிழக்குப் பகுதி மட்டுமே. நியூபோர்ட் அதில் இல்லை, அதற்குத் தனி நகராட்சி. ஆகவே சான்றிதழ் நகலுக்கு மான்மத்ஷயர் அலுவலகத்தைக் கேட்காமல் நியூபோர்ட் பதிவகத்தையே கேளுங்கள்.

1837 ஜூலை முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகளில் இந்தச் சிக்கல் இல்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே பொதுப்பதிவகம்தான். அதற்கு முன்னால் போனால்தான் கவனம் வேண்டும். முன்னோர் ஒருவர் 1800 வாக்கில் திருட்டு வழக்கில் சிக்கியிருந்தால், வேல்ஸ் நீதிமன்ற ஏடுகளை எவ்வளவு புரட்டினாலும் கிடைக்க மாட்டார். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆக்ஸ்ஃபோர்டு வட்டத்து ஏடுகளில் பாருங்கள். உயில்கள் நேர்மாறு. அவை சர்ச் வழியாகப் போனவை. 1858-க்கு முந்தைய லாண்டாஃப் மறைமாவட்ட உயில்கள் அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன; மான்மத்ஷயரின் பெரும்பகுதி அந்த மறைமாவட்டத்தில்தான் இருந்தது. திருமுழுக்கு, திருமண ஏடுகளுக்கு எப்வேலில் உள்ள குவென்ட் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். கவுண்டி கலைந்தாலும், பழைய மான்மத்ஷயர் முழுவதற்கும் அதுதான் காப்பகம்.