சுண்டெலி விந்தணுக்கள் நீந்தியும் முட்டை கருவுறாதது ஏன்?

ஆய்வகத்தில் சுண்டெலி முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ய, விந்தணுக்களை எடுத்தவுடனேயே முட்டைகளோடு சேர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கருவுறாமைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். முதலில் விந்தணுக்களை ஊடகத்தில் (அவற்றை உயிரோடு வைத்திருக்கும் கரைசலில்) 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியே வைத்திருங்கள்.

நீந்தும் திறன் வேறு, கருவுறச் செய்யும் திறன் வேறு. பாலூட்டிகளின் விந்தணு, பெண் இனப்பெருக்கப் பாதையில் சில நேரம் தங்கிய பிறகே முட்டைக்குள் நுழையும் தகுதியைப் பெறுகிறது என்பதை எம். சி. சாங், சி. ஆர். ஆஸ்டின் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1951இல் தனித்தனியே கண்டறிந்தனர். 1959இல் முயல் முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்தபோதும், சாங் பெண் முயலின் கருப்பையிலிருந்து மீட்ட விந்தணுக்களையே பயன்படுத்தினார். இனப்பெருக்க அறிவியலில் இதைவிட அதிகம் பயன்பட்ட கண்டுபிடிப்புகள் சிலவே என்று கருதுகிறேன்.

ஊடகத்தில் தனியே வைக்கும் நேரம் இந்தத் தங்கலுக்கு ஈடாகிறது. ஒரு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள். வால்கள் அகலமாகவும் வேகமாகவும் சாட்டைபோல் வீசினால் கருவுறச் செய்யும் தகுதியைத் தரும் மாற்றம் தொடங்கிவிட்டது. இன்னும் நேர்கோட்டிலேயே நீந்தினால் ஊடகத்தைச் சந்தேகியுங்கள்: பைகார்பனேட், கால்சியம், ஆல்புமின் என்ற புரதம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் அது முன்கூட்டியே சமநிலை அடைந்திருக்கவும் வேண்டும்.

எனினும், வால்வீச்சு மட்டுமே முழுச் சான்றாகாது. மேலும், சி57பிஎல்/6 என்ற ஆய்வகச் சுண்டெலி இனத்தின் உறையவைத்த விந்தணுக்களாயின் வழக்கமான முறையில் பலன் குறைவாகவே கிடைக்கும். அங்கே மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வேதிப்பொருள் சேர்த்த ஊடகம் உதவும்.