எத்தனை ‘வாடா’

அன்புள்ள ஐயா,

என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குத் தயாராகி வருகிறோம். பாட்டைப் பதிவு செய்து போட்டுவிட்டால் செலவு வெகுவாகக் குறையும் என்கிறார்கள் உறவினர்கள். ஆசிரியையோ பாடகர் மேடையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். “அதே பாட்டுதானே, எதில் ஒலித்தால் என்ன?” என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் நடுவில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

நான் உங்கள் ஆசிரியையின் கட்சி. காரணம் சொல்லப் புகுந்தால் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியிடமும் அவர் தாயார் ஜெயம்மாளிடமும்தான் போய் நிற்பேன்.

பாலசரஸ்வதி 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பிறகு நெடுங்காலம் அவர் ஆட, பெற்ற தாயே பாடினார். ஜெயம்மாள் யாரென்றால், வீணை தனம்மாளின் மகள். பதங்களுக்கு, அதாவது அபிநயத்துக்கு இடம் தரும் மெதுவான காதல் பாடல்களுக்கு, பேர்போன வீடு அது. பாட்டியிடமிருந்து தாய்க்கு வந்த பாட்டு, மேடையில் பேத்தியின் கைக்கும் கண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது.

பதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் சங்கதி, அதாவது மெட்டின் நெளிவு, மாறும், அபிநயமும் மாறும். எத்தனை முறை என்று முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஆடுபவர் அந்த வரிக்குள் ஒரு கதையை எடுத்துக்கொண்டு சஞ்சாரியில், அதாவது அதைக் கையாலும் முகத்தாலும் விரிப்பதில், இறங்குவார். அது முடியும்வரை பாடகர் வரியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சில சமயம் பாடகர் ஒரு சொல்லைக் கீழே இறக்கிப் பாடுவார், அதைக் கேட்டதும் ஆடுபவருக்கு அதுவரை தோன்றாத ஒன்று தோன்றும்.

பாலசரஸ்வதி பேர் வாங்கிய ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். வியாசராயரின் கன்னடப் பாடல், யமுனா கல்யாணி ராகம். கடலைப் பின்னால் வைத்து அவர் இதை ஆடுவதை சத்யஜித் ராய் 1976-ல் வெளிவந்த தன் ஆவணப்படத்தில் எடுத்திருக்கிறார், அவசியம் பாருங்கள். ‘பேகனே பாரோ’ என்றால் சீக்கிரம் வாடா. அவ்வளவுதான் சொல். நம் வீட்டில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறோமே, முதல் வாடாவும் நாலாவது வாடாவும் ஒன்றா? ஒன்றில் கொஞ்சல், ஒன்றில் அதட்டல், ஒன்றில் ‘எங்கே போனானோ’ என்ற பயம். எந்த வாடா எப்போது வரும் என்பது அந்த நிமிடத்தில், அந்த இரண்டு பேருக்குள் முடிவாவது. பதிவில் நாலு வாடா இருந்தால் நாலுதான். ஐந்தாவதுக்கு உங்கள் மகள் மனத்தில் இடம் பிறந்தாலும் பாட்டு நிற்காது. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள்.

பாலசரஸ்வதி ஆடியபடியே தானும் பாடுவார். இசை அவருக்கு வெளியிலிருந்து வந்த துணை அல்ல. 1975-ல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோது கச்சேரி முறையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். கச்சேரியில் முதலில் ஆடும் அலாரிப்பு கோபுரம். பதத்துக்கு வரும்போது, ஆரவாரமெல்லாம் அடங்கிக் கருவறைக்குள் நுழைகிறோம். அந்த இடத்தில் குரல் பக்கத்திலேயே இருக்க வேண்டாமா?

ஆனால் பாடகர் வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். பாடியவருக்கு அபாரமான சாரீரம். கண்ணை மூடி மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தார். ஆடிய பெண் கதையை முடித்து, மார்பில் வைத்த கையை எடுக்க முடியாமல் அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். அந்த விரல்கள் மெல்ல நடுங்கத் தொடங்கியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன். சபை பாடகருக்குக் கை தட்டியது. எனக்கு அன்று வீடு வந்தும் மனசு ஆறவில்லை.

மேடை அலங்காரத்தில், அழைப்பிதழில், பூவில் மிச்சம் பிடியுங்கள். பாடகரை ஒத்திகைக்கு, முக்கியமாகப் பதத்தின் ஒத்திகைக்கு, நாலைந்து முறையாவது வரச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு மூலையில் போய் உட்காருங்கள். அவர் பாடும்போது கைப்பேசித் திரையைப் பார்க்கிறாரா, உங்கள் மகளைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.