கார்டு பெட்டியிலிருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை நீட்டுவது வெறும் 5 கிலோமீட்டர் வேலை. அதற்கு ஏன் இத்தனை வருடம்? எங்களுக்கு அதில் என்ன பயன்?
– வாசகி, வேளச்சேரி

உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. 1995ல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய வண்டி, 1997ல் மயிலாப்பூர், 2004ல் திருவான்மியூர், 2007ல் வேளச்சேரி என்று மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. பரங்கிமலை வரை நீட்டும் வேலையும் 2008லேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல், வழக்கில் போய் மாட்டிக்கொண்டது. மற்ற இடமெல்லாம் பாலம் எழும்பி நிற்க, அந்தத் துண்டு மட்டும் வருடக்கணக்கில் வெறும் வானமாகக் கிடந்தது. வீட்டைப் பறிகொடுக்க வேண்டியவர்கள் நியாயமான விலை கேட்டதைக் குறை சொல்ல மாட்டேன். நிலம் கைக்கு வருமுன் தூணை எழுப்பியதுதான் தப்பு.

பயன் என்னவென்று கேட்டீர்கள். பரங்கிமலையில் புறநகர் ரயில் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது. பறக்கும் ரயிலும் அங்கே வந்து சேர்ந்தால் தாம்பரம், செங்கல்பட்டு, விமான நிலையம் என்று எந்தப் பக்கம் போகவும் ஒரே இடத்தில் வண்டி மாறலாம். இந்த மாறுவது இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் புறநகர் ரயிலில் கார்டாக இருந்தவன். நான் இரண்டு தடவை மணி அடித்தால்தான் வண்டி ஓட்டும் மோட்டார்மேன் வண்டியை எடுப்பார். ஒரு நாள் சாயங்காலம் கடைசிப் பெட்டியில் நின்று பிளாட்பாரத்தைப் பார்க்கிறேன். காசிமேட்டு மீன்கார அம்மா ஒருவர், தலையில் சும்மாடு வைத்து அதன் மேல் அலுமினிய அன்னக்கூடையோடு படி இறங்கி வருகிறார். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் தோளில் சொட்டுகிறது. ஒரு கை கூடையில், ஒரு கை கைப்பிடிச் சுவரில். ஓட முடியாது, வழுக்கும். கை மணியிலேயே இருந்தது, நான் அடிக்கவில்லை. அரை நிமிடம். அவர் ஏறினார், அடித்தேன். மறுநாளும் அதே நேரம் பாதிப் படியில்தான் இருந்தார். அன்று பின்னால் இன்னொரு வண்டி காத்திருந்தது. மணி அடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டதை இன்னும் மறக்கவில்லை.

அதனால் எந்தப் புதுப் பாதையைப் பற்றிப் பேசினாலும், எத்தனை கிலோமீட்டர் என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு எத்தனை படி, லிஃப்ட் எங்கே, மழையில் நனையாமல் போக முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

நாலாவது பாதை போடுகிறோம் என்று கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்களே. நாங்கள் பட்ட பாட்டுக்குப் பலன் உண்டா?
– வாசகர், திருவல்லிக்கேணி

உண்டு. 2023 ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தி, 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விட்டார்கள். 14 மாதம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே முன்பு இருந்தது மூன்றே பாதை. இரண்டு புறநகர் வண்டிக்கு. மிச்சமிருந்த ஒன்றில்தான் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ஒன்று போய்ச் சேரும் வரை எதிரே வருவது காத்துக் கிடக்கும். நாலாவது பாதை அந்த முடிச்சை அவிழ்க்கிறது. ஆனால் அந்த 14 மாதமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியவர்களுக்குப் போதுமான இணைப்புப் பஸ் விட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை வந்தால் கன்டெய்னர் லாரித் தொல்லை தீருமா?
– வாசகர், அரும்பாக்கம்

நிறையக் குறையும். 2009ல் அடிக்கல் நாட்டி, 2012ல் கூவத்தில் தூண் நிற்பதால் வெள்ளம் தடைபடும் என்று நிறுத்தி, 2022ல் இரண்டு அடுக்காக மாற்றி மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். மேல் அடுக்கில் துறைமுக லாரிகள், கீழ் அடுக்கில் ஊர் வண்டிகள். சுமார் 20 கிலோமீட்டர். பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள் என்று ராத்திரிக்காகச் சாலை ஓரம் காத்துக் கிடக்கும் டிரைவர்களை நினைத்தாலே இந்தச் சாலை வேண்டும் என்று தோன்றுகிறது. குளிக்க, கழிப்பறை போக அவர்களுக்கு எங்கே இடம்?

லஸ் முனையே தெரியாத அளவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மெட்ரோ வந்தால் மயிலாப்பூருக்கு என்ன நன்மை?
– வாசகி, மயிலாப்பூர்

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் பாதையும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையும் உங்கள் ஊருக்கு அடியில்தான் சந்திக்கின்றன. ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுரங்கம் போவதால்தான் இவ்வளவு ஆழம், இவ்வளவு நாள். பக்கத்திலேயே பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையம். ஒன்று பூமிக்கு அடியில், ஒன்று தலைக்கு மேலே. இரண்டுக்கும் நடுவே சாலைக்கு வராமலே போகும்படி, லிஃப்ட்டோடு கூரை போட்ட வழி வேண்டும் என்று இப்போதே எழுதிப் போடுங்கள் அம்மா. கட்டி முடித்த பிறகு இடித்து வழி பண்ண மாட்டார்கள். நானும் எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் என் கடிதத்துக்கும் பலம்.