பாட்டி வீட்டில் கிடந்த பதக்கம்: கேள்வி பதில்

இஸ்ரேலிய இயக்குநர் அர்னான் கோல்ட்ஃபிங்கர் எடுத்த 'தி ஃபிளாட்' (2011) ஆவணப்படம் பற்றி நீங்கள் கேட்டவை.

மதுரை வாசகி: நான் படம் பார்க்கவில்லை. கதை என்ன?

டெல் அவிவில் இயக்குநரின் பாட்டி கெர்டா டுக்லர் 98 வயதில் காலமாகிறார். 1930களில் பெர்லினிலிருந்து வந்த யூதர். கடைசிவரை ஜெர்மன்தான் அவர் மொழி. வீட்டை ஒழிக்கப் பேரன் கேமராவோடு போகிறார். கையுறைகள், கைப்பைகள், நரித்தோல் சால்வைகள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஹிட்லரின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸ் தொடங்கிய 'டெர் ஆங்கிரிஃப்' பத்திரிகை. அதில் 'ஒரு நாஜி பாலஸ்தீனம் போகிறார்' என்று ஒரு பயணத்தொடர். எழுதியவர் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஃபான் மில்டன்ஷ்டைன். 1933இல் அவரோடும் அவர் மனைவியோடும் சேர்ந்து போனவர்கள் இயக்குநரின் தாத்தா பாட்டியேதான்!

கோவை வாசகர்: பாட்டி வீட்டில் கிடைத்த பதக்கம் நிஜமா?

நிஜம். தொடருக்காகப் பத்திரிகை வெளியிட்டது. ஒரு பக்கம் நாஜிகளின் ஸ்வஸ்திகா, திருப்பினால் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம். யூதர்கள் ஜெர்மனியை விட்டுப் போகட்டும் என்பது நாஜிகளின் கணக்கு. பாலஸ்தீனத்தில் யூதர்கள் குடியேற வேண்டும் என்பது தாத்தா குர்ட் போன்ற சியோனிஸ்டுகளின் கனவு. கொஞ்ச காலம் இரண்டும் ஒரே திசையில் போயின. மில்டன்ஷ்டைன் பிறகு எஸ்.எஸ். உளவுத்துறையின் யூதர் பிரிவுக்குத் தலைவரானார். பின்னாளில் யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய ஐக்மன் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

யாழ்ப்பாண வாசகர்: போருக்குப் பிறகும் மில்டன்ஷ்டைன் தம்பதியோடு தாத்தா பாட்டியின் நட்பு தொடர்ந்ததாமே?

ஆமாம். கெர்டாவின் சொந்த அம்மாவே நாஜிகளால் நாடுகடத்தப்பட்டு இறந்தவர். அப்படியும் தொடர்ந்தது. எனக்கு இது இன்றும் தொண்டையில் நிற்கிறது. இழந்த பெர்லினில் தங்களுக்கென்று மிஞ்சியவர்களை விட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதே வாசகர்: இயக்குநரின் அம்மா ஏன் எதையும் கேட்கவே இல்லை?

அந்த வீட்டில் பழையதைப் பேசும் வழக்கமே இல்லை. முதலில் எனக்கு அந்த அம்மா ஹன்னா மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் அம்மாவும் மகனும் பெர்லின் வைசன்சே கல்லறைத் தோட்டத்தில் மூதாதையின் கல்லறையைத் தேடும் காட்சி வந்தது. புதரும் கொடியும் மண்டிய இடம். தேடியது கிடைக்கவில்லை. அதன்பின் கோபம் போய்விட்டது.

திருச்சி வாசகி: நாங்களும் அப்பத்தா வீட்டை ஒழிக்கப் போகிறோம். படம் எடுக்கலாமா?

கட்டாயம் எடுங்கள். எதையும் நகர்த்துமுன் இருந்த இடத்திலேயே எடுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்று பெரியவர்களிடம் கேட்காதீர்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்து, "இது யாருது?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் கேமராவை நிறுத்த வேண்டாம். படிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது என்பதற்காக ஒரு காகிதத்தைக்கூட எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.